சோத்தாங்கைப் பக்கம் நின்றவன்

இடது வலது பார்ப்பதுதான் என் பிழைப்பு. திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் வண்டிகளுக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் முப்பது வருஷமாகப் படம் வரைகிறேன். முதலில் சாய்மேசையில் காகிதம் ஒட்டிப் பென்சிலால் வரைந்தேன், பிறகு கம்ப்யூட்டர் வந்தது. டிரைவர் பக்கம் வரவேண்டிய டேங்கைக் கிளீனர் பக்கம் பற்றவைத்துவிட்டு வந்து நிற்பவர்களை நான் விட்டுவைத்ததில்லை. சாப்பிடும் கை எதுவென்றாவது தெரியுமா என்று பட்டறையே திரும்பிப் பார்க்கும்படி கேட்பேன். வாயைத் திறந்தால் மூடத் தெரியாத ஆள் என்று எனக்குப் பெயர் உண்டு. அதே தப்பை என் வீட்டில், என் அம்மாவின் விஷயத்தில், நானே செய்தேன். என்னிடம் திட்டு வாங்கியவர்கள் இதைப் படித்தால் தாராளமாகச் சிரித்துக்கொள்ளட்டும். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எனக்கு ஓர் அண்ணன் இருந்தான். ஒரு வயசுதான் மூத்தவன். பத்தொன்பது வயதில் ரிக் வண்டியோடு வடக்கே போனான். எங்கள் பக்கத்தில் அது அதிசயமில்லை. தெருவுக்கு நாலு பேர் அப்படிப் போய் வருவார்கள். போய் நாலாம் மாதம், குழாய் இறக்கும்போது கொக்கி நழுவி, குழாய் அவன் முகத்தில் அடித்தது. மூன்று நாள் கழித்து லாரியில் கொண்டுவந்து இறக்கினார்கள். தலையிலிருந்து கால் வரை துணி சுற்றியிருந்தது. அவிழ்க்க வேண்டாம் என்று கூட வந்தவர்கள் அப்பாவின் காதில் சொன்னார்கள். முகத்தை மட்டும் காட்டுங்கள் என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். நாலு பெண்கள் அவரைப் பிடித்து உட்கார வைத்திருந்தார்கள். யாரும் காட்டவில்லை.

கல்யாணமாகாதவன் என்பதால் எரிக்கவில்லை. எங்கள் காட்டு ஓரத்திலேயே குழி வெட்டினார்கள். மண் தள்ளுவதற்கு முன் அப்பா விடுவிடுவென்று வீட்டுக்குப் போய் ஆல்பத்தை எடுத்துவந்தார். எங்கள் வீட்டில் இருந்த படங்கள் மொத்தமும் அந்த ஒரே ஆல்பத்தில்தான் இருந்தன. அதைக் குழிக்குள் வைத்து, அவனோடேயே போகட்டும் என்றார். அண்ணன் படம் மட்டுமா அதில் இருந்தது? என் படமும்தான் இருந்தது. என் சின்ன வயசு முகத்தையும் சேர்த்துப் புதைத்துவிட்டார் மனுஷன். அந்த நேரத்தில் அவரைத் தடுக்க யாருக்குத் தைரியம் வரும்? அதன்பிறகு வீட்டில் அண்ணன் பேச்சை எடுக்கக் கூடாது. குலதெய்வத்தோடும் அவருக்குச் சண்டை. நாமக்கல்லுக்கு அப்பால் கரட்டடியில் இருக்கும் அந்தக் கோயில் பக்கம் நாங்கள் அப்புறம் தலைவைத்துப் படுக்கவில்லை.

சேலத்தில் செவ்வாய்ப்பேட்டையில் இருந்த என் தாய்மாமன்தான் எங்கள் சொந்தத்திலேயே முதலில் கேமரா வாங்கியவர். ஆல்பத்தில் இருந்தவை எல்லாம் அவர் எடுத்த படங்கள். தன்னிடம் நெகட்டிவ் இருக்கிறது, கழுவிப் போட்டுத் தருகிறேன் என்று ஒருமுறை அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். அது உள்ளே வந்தால் நான் வெளியே போய்விடுவேன் என்று அப்பா பதில் சொல்ல, மாமன் அதோடு வாயை மூடிக்கொண்டார். அப்பா போய்ப் பத்து வருஷத்துக்குமேல் ஆகிறது. ஆனாலும் பழகிப்போன பயம் லேசில் விடாது. மாமனும் காலமாகி, காரியம் முடிந்து நான் கிளம்பும்போதுதான் அத்தை ஒரு மஞ்சப் பையை என் கையில் கொடுத்தார். உள்ளே காகித உறைகளில் நெகட்டிவ்கள், கொஞ்சம் ஸ்லைடுகள். நான் அதை வாங்கிவந்து பீரோ மேல் போட்டேன். ஒரு வருஷம் தொடவில்லை. அம்மாவிடம் சொல்லவும் இல்லை. ஆறிய புண்ணைக் கிளற வேண்டாம் என்று நினைத்தேன். ஆறிவிட்டது என்று நானாகவே முடிவு செய்துகொண்டதை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அம்மாவுக்குச் சர்க்கரை. அது கண்ணில் இறங்கிவிட்டது. நேராகப் பார்த்தால் புகை போல இருக்கிறது, தலையைத் திருப்பி ஓரக்கண்ணால் பார்த்தால் கொஞ்சம் தெரிகிறது என்பார். சேலத்தில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். கண்ணுக்குள் ஊசி போட்டும் பலனில்லை, இருக்கிற பார்வையும் சில மாதங்களில் போய்விடும் என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார். அம்மாவுக்கு நான் சொல்லத் தேவையிருக்கவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். சங்ககிரி தாண்டியதும் என் கையைப் பிடித்தார்.

"அவன் மொகம் எனக்கு மறந்து போச்சு சாமி," என்றார்.

எவன் என்று நான் கேட்கவில்லை. முப்பத்துச் சொச்சம் வருஷத்தில் அம்மா அவனைப் பற்றி வாய்விட்டுச் சொன்ன முதல் வார்த்தை அது. சட்டை நினைவிருக்கிறதாம், குரல் நினைவிருக்கிறதாம், சோறு பிசையும் கைகூட நினைவிருக்கிறதாம். முகத்தை நினைத்தால் மட்டும் வெள்ளைத் துணி வந்து நிற்கிறதாம். பெற்றவளுக்கு இப்படி மறக்குமா, என்ன ஜென்மம் நான் என்று அழுதார். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். நான் முறைத்ததும் திரும்பிக்கொண்டார். கண் போவதற்குள் அம்மாவுக்கு அந்த முகத்தைக் காட்டிவிட வேண்டும் என்று அந்தப் பஸ்ஸிலேயே முடிவு செய்தேன்.

ஸ்டுடியோவில் கொடுக்க மனசு வரவில்லை. தொலைந்துபோனால் யாரைக் கேட்பது? சேலத்தில் ஒருவரிடம் பழைய ஸ்கேனர் ஒன்றை வாங்கினேன். மூடியிலும் விளக்கு இருக்கும், நெகட்டிவைச் சட்டத்தில் வைத்துக் கண்ணாடிமேல் கிடத்தினால் கீழிருந்து படித்துக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஹாலில் உட்கார்ந்தேன். எங்கள் ஊர்த் தூசி லேசுப்பட்டதில்லை. ரோட்டில் ஒரு ரிக் வண்டி போனால் வீட்டுக்குள் ஒரு படலம் விழும். ஜன்னலைச் சாத்தி, தரையில் தண்ணீர் தெளித்து, ஃபேனையும் நிறுத்திவிட்டு வேலை செய்தேன். சித்திரை வெயிலில் ஃபேனை நிறுத்தச் சொன்னால் எந்தப் பெண்டாட்டி சும்மா இருப்பாள்? என் மனைவி ஆத்தூர்க்காரி, பேச்சில் கறார். என்ன பூஜை நடக்கிறது, நாங்கள் மூச்சாவது விடலாமா என்று கேட்டாள். காரியம் என்னவென்று சொன்னதும் அடங்கிப்போய், தானே ஒரு மெல்லிய தூரிகை எடுத்து வந்து ஒவ்வொரு நெகட்டிவாகத் தூசி தட்டிக் கொடுத்தாள்.

பையைத் திறந்ததும் புளித்த காடி வாசம் வந்தது. பாதி உறைகளில் நெகட்டிவ்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. பிரித்தால் தோலோடு உரிந்து வந்தது. பல படங்களில் பூஞ்சை வேர்விட்டு முகங்களைத் தின்றிருந்தது. பூஞ்சைக்கு முகம்தான் பிடிக்குமோ என்னவோ, மரத்தையும் சுவரையும் விட்டுவிட்டு நேராக முகத்துக்குத்தான் போயிருந்தது. ஆறு ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லாவற்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து முடித்தேன். அண்ணன் இருந்தது ஐந்தே படங்களில். ஒன்றில் முதுகு. இரண்டில் ஆடிப்போய் வெறும் தீற்றல். ஒன்றில் பூஞ்சை. ஒன்றே ஒன்று பழுதில்லாமல் இருந்தது. ஆரஞ்சு நிறப் பிலிமில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு சதுரம். நடுவில் ஒரு பெண், இரண்டு பக்கமும் இரண்டு பையன்கள்.

அது குலதெய்வம் கோயிலில் எடுத்த படம். எங்கள் இருவருக்கும் ஒன்பது, பத்து வயது இருக்கும். தாய்மாமன் மடியில் உட்கார்த்தி மொட்டை போட்டு, தலையில் சந்தனம் பூசி முடித்த கையோடு மாமன் எழுந்து அந்தப் படத்தை எடுத்திருக்கிறார். சந்தனம் காயவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே துணியில் வெட்டித் தைத்த சட்டை. ஒரே பீஸில் வாங்கினால் மிச்சம் என்பது அப்பாவின் கணக்கு. மூத்தவனுடையது எது, இளையவனுடையது எது என்று சண்டையும் வராது. நான் வயசுக்கு மீறி வளர்ந்திருந்ததால் உயரத்திலும் வித்தியாசமில்லை. ஸ்கேனர் முக்கி முனகிப் படித்து முடித்து, நிறம் திரும்பி, திரையில் இரண்டு சந்தன மொட்டைகள் வெயிலில் நின்று என்னைப் பார்த்தன. எவன் அண்ணன், எவன் நான் என்று எனக்கே தெரியவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க என் பழைய படம் ஒன்றுகூட இல்லை. என்னையே எனக்கு அடையாளம் தெரியவில்லை.

அப்போதுதான் என் தொழில் புத்தி விழித்துக்கொண்டது. நடுவில் நின்ற அம்மாவின் மாராப்பு வலது தோளில் கிடந்தது. அம்மா வாழ்நாள் முழுக்க இடது தோளில் மாராப்புப் போட்டுத்தான் நான் பார்த்திருக்கிறேன். என் மனைவியும் அப்படித்தான், ஊர் உலகமும் அப்படித்தான். ஆக, நெகட்டிவைப் புரட்டி வைத்துவிட்டேன், படம் கண்ணாடியில் தெரிவதுபோல இடம் வலமாக வந்திருக்கிறது என்று கண்டுபிடித்தேன். மனசுக்குள் ஒரு சபாஷ்கூடப் போட்டுக்கொண்டேன். பட்டறையில் தினமும் நாலு தடவை அமுக்கும் கட்டளைதான், ஒரே சொடுக்கில் படம் புரண்டது. மாராப்பு இடது தோளுக்கு வந்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்று சேமித்தேன்.

அன்றைக்குச் சாயங்காலமே அம்மாவை டிவிக்கு ஒரு முழம் தள்ளி நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். படத்தைப் பெரிசாக்கிப் போட்டேன். கண்ணுக்கு எட்டியதெல்லாம் மஞ்சளும் சிவப்புமாகத்தான் இருந்திருக்கும். தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துத் தேடினார். மொட்டை போட்ட அன்றைக்கு எடுத்தது என்று சொன்னேன். உடனே நிமிர்ந்துவிட்டார்.

"எனக்குச் சோத்தாங்கைப் பக்கத்துல நிக்கறவந்தான் அவன்," என்றார். "நீ எந்நேரமும் பீச்சாங்கைப் பக்கந்தான் சாமி. இடுப்புல வெச்ச பக்கத்த உட்டு நீ மாறவே மாட்ட."

சோற்றுக்கைப் பக்கம், அதாவது வலது பக்கம். எவன் என்று நான் இனிக் கேட்க வேண்டியதே இல்லை. படத்திலிருக்கும் ஆளின் வலது நமக்கு இடது என்பது நான் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வது. அம்மாவின் ஆள்காட்டி விரலைப் பிடித்துத் திரையில் அந்த மொட்டைத் தலைமேல் கொண்டுபோய் வைத்தேன். இதுதானுங்கம்மா என்றேன். அந்த முகத்தை மட்டும் திரை நிறைய வரும்படி செய்தேன்.

அம்மா நாற்காலியை விட்டு எழுந்து திரையோடு ஒட்டி நின்றார். முகத்தைத் திருப்பி ஓரக்கண்ணால் கண், மூக்கு, வாய் என்று துண்டு துண்டாகப் பார்த்தார். இரண்டு கையாலும் அந்தக் கன்னங்களை வழித்துத் தன் நெற்றிப்பொட்டில் வைத்து நெட்டி முறித்தார். கண்ணைச் சுருக்குது பார், வெயிலென்றால் அவனுக்கு ஆகாது என்றார். இந்த முகத்தைத்தானே காட்டமாட்டேன் என்றார்கள் என்றார். நான் அழுதேன். என் மனைவி சமையலறை நிலைப்படியில் நின்று அழுதாள். எனக்கும் அந்த முகம் அண்ணன் முகமாகவே தெரிந்தது. துணிச்சலும் குறும்புமாக இருக்கிறான் பார், நம்மைப்போல முசுடு இல்லை என்று நினைத்ததுகூட ஞாபகம் இருக்கிறது.

அதற்கப்புறம் தினமும் அதுதான். காலைக் காப்பி முடிந்ததும் திரையைப் போடச் சொல்வார். பக்கத்தில் நிற்கும் இன்னொரு பையன் அவருக்குத் தேவைப்படவில்லை. ஒருமுறை நான் முழுப் படத்தையும் போட்டபோது, அவனை மட்டும் காட்டு சாமி, எனக்குக் கண்ணு கொஞ்சம்தான் இருக்கிறது, வீணாக்க முடியாது என்றார். எனக்குச் சுருக்கென்றது என்பதை மறைக்காமல் சொல்கிறேன். ஐம்பது வயசு தாண்டியவனுக்குச் செத்துப்போன அண்ணன்மேல் பொறாமை. காட்டிக்கொள்ளவில்லை. அந்த முகத்தை மட்டும் வெட்டிப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, சட்டம் அடித்து ஹாலில் மாட்டினேன். என் மனைவி சட்டத்துக்குச் சந்தனப் பொட்டு வைத்து, தினமும் அரளிச் சரம் சாத்தினாள். அந்த அமாவாசைக்கு அம்மா படையல் போட்டார். முப்பத்துச் சொச்சம் வருஷத்தில் அவன் பேருக்கு முதல் படையல். அவனுக்குப் பிடித்த பச்சைப்பயறுக் குழம்பை வைத்துக் கும்பிட்டு, காக்காய்க்குப் போட்டுவிட்டு, அப்புறம் எங்களைச் சாப்பிடச் சொன்னார். நான் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன்.

அந்த மாசம் முடியவில்லை. ஒரு காலை அம்மா டம்ளருக்கு நீட்டிய கை அதற்கு ஒரு சாண் தள்ளிப் போய் நின்றது. டம்ளரைத் தடவித்தான் எடுத்தார். வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும்தான் அதற்கப்புறம் தெரிந்தது. நாங்கள் பதறியதுபோல அவர் பதறவில்லை. பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டேன், முகம் இப்போது நன்றாக நினைவில் நிற்கிறது, கண்ணை மூடினாலும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வந்து நிற்கிறான் என்று என்னைத் தேற்றினார். வாழ்க்கையில் ஒரு காரியமாவது உருப்படியாகச் செய்தேன் என்று நான் நிம்மதியாகத் தூங்கினேன். அது இரண்டு வாரம் நீடித்தது.

மிச்சப் படங்களையும் ஏற்றி முடித்துவிடலாம் என்று மறுபடி உட்கார்ந்தேன். கோயில் படம் இருந்த அதே பிலிம் துண்டில் இன்னும் மூன்று படங்கள் இருந்தன. ஒரே துண்டு என்பதால் எல்லாமே இடம் வலமாகத்தான் வரும் என்று, ஸ்கேன் ஆகும்போதே புரட்டிவிடும்படி அமைத்துவிட்டுப் பார்த்தேன். முதலில் வந்தது நாங்கள் கோயிலுக்குப் போன லாரி. முன்பக்கம், நம்பர் பலகையோடு, சாமந்தி மாலையோடு. பலகையில் எழுத்தெல்லாம் திரும்பியிருந்தது. வலமிருந்து இடமாக, கண்ணாடியில் பார்ப்பதுபோல. புரட்டியதை ரத்து செய்தேன். எழுத்து நேரானது. அடுத்த படத்தில் அம்மா பொங்கல் பானை முன் குனிந்திருந்தார். மாராப்பு வலது தோளில் இருந்தது.

கோயில் படத்தை மறுபடி திறந்து பக்கத்தில் வைத்தேன். ஸ்கேனரில் முதலில் வந்த கோயில் படம்தான் நேரான படம். நான் திருத்தியதுதான் தப்பு.

எழுந்து அம்மாவிடம் போனேன். கட்டிலில் உட்கார்ந்து முருங்கைக்கீரையை விரலால் தடவித் தடவி உருவிக்கொண்டிருந்தார். கோயிலுக்கு அந்தக் காலத்தில் சேலை எப்படிக் கட்டுவீர்கள் என்று சும்மா கேட்பதுபோலக் கேட்டேன். எங்கள் பங்காளி வீடுகளில் குலதெய்வத்துக்கு முதல் பானை வைக்கிற மருமகள் அன்று ஒரு நாள் மட்டும் பழைய கட்டுத்தான் கட்டவேண்டுமாம். பின்கொசுவம் வைத்து, மாராப்பை வலது தோளில் போட்டு. மாமியார் உட்கார்ந்து கட்டிவிடுவாராம். அவிழ்ந்துவிடுமோ என்று அன்று முழுக்கப் பயமாக இருக்குமாம். அம்மா சிரித்துக்கொண்டே சொன்னார். அண்ணன் போனபின் நாங்கள் அந்தக் கோயிலுக்கே போகாததால் என் மனைவிக்கு அந்தக் கட்டைக் கட்டும் வேளை வரவில்லை. ஒன்பது வயதுப் பையன் அம்மாவின் மாராப்பு எந்தத் தோளில் என்று பார்த்திருக்கப் போகிறானா? எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று விட்டிருக்கலாம். திருத்தப் போனேன்.

ஹாலுக்கு வந்து சுவரைப் பார்த்தேன். பொட்டும் அரளிச் சரமுமாக அங்கே தொங்கியது நான். அமாவாசைப் படையல் எனக்கு. நெட்டி முறித்தது எனக்கு. கண்ணில் கடைசியாக ஒட்டியிருந்த பார்வையை வீணாக்காமல் சேர்த்துவைத்து அம்மா தினமும் பார்த்தது என்னை. தன் மூத்த பிள்ளையை அவர் பார்க்கவே இல்லை. பக்கத்திலேயே நின்றிருந்தவனை நான்தான் வெட்டி எறிந்தேன்.

மனைவியிடம் சொன்னேன். அவள் முதலில் செய்தது நாற்காலி போட்டு ஏறி அந்தச் சரத்தைப் பிய்த்து எறிந்தது. உயிரோடு இருக்கிற மனுஷனுக்கு நானே தினமும் மாலை போட்டேனே என்று தலையில் அடித்துக்கொண்டாள். உப்பும் மிளகாயும் எடுத்து என்னைச் சுற்றி அடுப்பில் போட்டாள். மிளகாய் வெடித்து வீடு முழுக்க நெடி. அம்மா உள்ளிருந்து இருமிக்கொண்டே யாருக்குச் சுற்றுகிறாய் என்று கேட்டார். இவருக்குத்தான் அத்தை, உடம்பு சரியில்லை என்றாள். அப்புறம் என்னிடம் வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அத்தைக்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. சொன்னா ரெண்டு புள்ளையும் போயிடும் அவங்களுக்கு."

அவள் சொன்னது நியாயம். உண்மையைச் சொன்னால் அண்ணன் முகம் மறுபடி வெள்ளைத் துணியாகிவிடும். காட்டுவதற்கு என்னிடம் படம் இருக்கிறது, பார்ப்பதற்கு அவரிடம் கண் இல்லை. அதோடு, இருக்கும் ஒரே பிள்ளைக்குத் தன் கையாலேயே படையல் போட்டோம் என்று தெரிந்தால் அம்மா தாங்கமாட்டார். அடுத்த நாள் சரியான முகத்தைப் பிரிண்ட் போட்டுவந்து அதே சட்டத்தில் மாற்றி மாட்டினேன். அப்போதுதான் அண்ணனை நான் பார்த்தேன். அவன் கண்ணைச் சுருக்கவில்லை. வெயிலை நேராகப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தான். மேல் உதடு கொஞ்சம் தூக்கினாற்போல இருந்தது. அம்மாவுக்கும் அப்படித்தான் இருக்கும். எனக்கு இல்லை. இத்தனை நாளும் இதை எப்படிப் பார்க்காமல் விட்டேன்?

என் மனைவி பழையபடி பூ வைக்கிறாள். அம்மா தினமும் காலையில் சுவரைத் தடவிக்கொண்டே வந்து சட்டத்தின் கீழ் நிற்பார். ஏஞ்சாமி, இன்னைக்கும் கண்ணு கூசுதா என்று கேட்பார். நான் பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

போன வாரம் ஒருநாள் அப்படி நின்றவர் என்னைக் கூப்பிட்டார். பக்கத்தில் போனதும் என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தார். விரல்கள் நெற்றி, புருவம், மூக்கு என்று மெல்ல இறங்கின. சவரம் செய்யாத தாடையில் வந்து நின்றன.

"உனக்கு ஒரு தப்புப் பண்ணிப்போட்டேன் சாமி," என்றார். "இருந்த கண்ணையெல்லாம் போனவனப் பாக்கறதுக்கே செலவு பண்ணிப்போட்டேன். பக்கத்துல நீயும்தான் நின்ன. அந்த வயசுல நீ எப்பிடி இருந்தீன்னு ஒருக்காக்கூடப் பாக்குல. உன்ற மொகம் எனக்கு வரமாட்டீங்குது."

அவர் கை என் தாடையிலேயே இருந்தது. பதிலுக்குக் காத்திருந்தார்.

"பாத்தீங்கம்மா," என்றேன். "தெனமும் என்னையத்தான் பாத்தீங்க."

அம்மா சிரித்தார். என் கன்னத்தை இரண்டு தட்டுத் தட்டினார்.

"எனக்கோசரம் பொய் சொல்லாத சாமி," என்றார்.